நாற்காலி கேட்டால் காலில் கட்டுகிறார்கள்

1944ஆம் ஆண்டு வரை திருமலைக்கு மோட்டார் வண்டிப் பாதை கிடையாது. நடக்க இயலாத முதியோரும் நோயுற்றோரும், நடக்க மனமில்லாத ஜமீன்தார்களும் அதிகாரிகளும் டோலியில் அமர்ந்து மலையேறினர். அலிபிரியிலிருந்து மேலே செல்லும் 3,550 படிகளையும் மற்றொரு மனிதரின் உடலைத் தோளில் சுமந்தபடி ஏறியவர்கள் யார், எந்த ஊரார், எத்தனை வயதில் தோள் ஒடுங்கிப்போனார்கள் என்பதையெல்லாம் எவரும் எழுதிவைக்கவில்லை. முதல் மலைப்பாதை திறக்கப்பட்டது. பேருந்து வந்தது. டோலி போயிற்று. அன்றைக்கு எவரேனும் ஒரு கெட்டிக்காரப் பொறியாளர், டோலி தூக்குபவரின் தோளுக்கு வில்சுருள் வைத்த மெத்தை ஒன்றைத் தைத்துக் கொடுத்து, “இனி வலிக்காது, இரண்டு நடை கூடுதலாகப் போகலாம்” என்று சொல்லியிருந்தால், அந்தத் தொழில் இன்றும் அங்கே நடந்துகொண்டிருக்கக்கூடும்.

டோலி ஆந்திரத்தில் முற்றாக ஒழிந்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். அல்லூரி சீதாராம ராஜு மாவட்டத்தின் பழங்குடிக் கிராமங்களில் கர்ப்பிணிகளைக் கம்பில் துணி கட்டித் தூக்கிவரும் காட்சி ஆண்டுதோறும் செய்தியாகிறது. அங்கே குறைவாக இருப்பது தொழில்நுட்பம் அன்று, சாலை.

சுமப்பவரின் தோளுக்கு மெத்தை தைக்கும் கலை இப்போது உலகம் முழுவதும் பெருந்தொழிலாக உருவெடுத்துவருகிறது. உடலின் மீது அணிந்துகொள்ளும் எந்திரச் சட்டகத்தை ஆங்கில ஏடுகள் ‘எக்ஸோஸ்கெலிட்டன்’ என்கின்றன. நண்டுக்கும் வண்டுக்கும் எலும்பு வெளியே இருப்பதுபோல் மனிதனுக்கு வெளியே ஓர் எலும்புக்கூடு என்று பொருள். தமிழில் புறச்சட்டகம் எனலாம். இதன் புதிய வகை இரும்பாலும் அலுமினியத்தாலும் ஆனதன்று, துணியாலானது. இடுப்பில் ஒரு பட்டை, தொடையில் இரு பட்டைகள், அவற்றினூடே மிதிவண்டி பிரேக்கில் இருப்பது போன்ற கம்பி, முதுகில் ஒரு சிறு மோட்டார். நடப்பவரின் அசைவை உணரிகள் கண்டறிகின்றன. கால் தரையை உந்தும் நொடியில் மோட்டார் கம்பியைச் சுண்டி இழுக்கிறது. தசை செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியைத் துணி செய்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட முடிவின்படி, இடுப்பில் அணியும் அத்தகைய உடுப்பு ஒன்று நடையின்போது உடல் செலவிடும் ஆற்றலை 9.3 விழுக்காடும், ஓட்டத்தின்போது 4 விழுக்காடும் குறைத்தது. 2025 சீனப் புத்தாண்டின்போது தாய்ஷான் மலையேறும் சுற்றுலாப் பயணிகளுக்கு 1.8 கிலோ எடையுள்ள கால்கருவிகள் 80 யுவான் வரையிலான வாடகைக்குத் தரப்பட்டன. அலிபிரியில் அது எப்போது வரும் என்று கேட்பவர்கள் இனி கிளம்புவார்கள்.

கருவியின் மீது கோபம் கொள்ள ஏதுமில்லை. இதன் பிறப்பு வரலாற்றில் மனித நேயமும் உண்டு, மானுடப் பகையும் உண்டு. காற்றை அடைத்தால் சுருங்கி இழுக்கும் ரப்பர்க் குழாய்த் தசையை 1950களில் பரவலாக அறியச் செய்தவர் ஜோசப் மெக்கிபன் என்னும் அமெரிக்க இயற்பியலாளர். போலியோவால் கைகள் செயலிழந்த தம் மகளுக்காகவே அவர் அந்தத் துறையில் இறங்கினார். இன்றைய மென் ரோபோக்களின் மூதாதை அந்தக் குழாய்தான். அதே மெக்கிபன்தான் 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் உலகின் முதல் அணுகுண்டுச் சோதனையின் தானியங்கி விசையைத் தட்டிவிட்டவர். ஒரே மனிதரின் ஒரே அறிவு. அதற்கு யார் பணம் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்பதே குண்டா, குழந்தையின் கையா என்பதைத் தீர்மானித்தது.

மற்ற கதைகளில் பணம் கொடுத்தது பெரும்பாலும் படைத்துறையே. 1960களின் நடுவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் அமெரிக்கப் படையின் நிதியில் ‘ஹார்டிமேன்’ என்னும் இராட்சதச் சட்டகத்தைத் தொடங்கியது. 680 கிலோவைத் தூக்கப் போவதாகச் சொல்லப்பட்ட அது, ஆள் உள்ளே இருக்கும்போது முழுமையாக இயக்கப்படாமலேயே கைவிடப்பட்டது. ஹார்வர்டின் துணி உடுப்புக்கு 2014இல் 29 லட்சம் டாலர் வழங்கியதும் அமெரிக்க இராணுவ ஆய்வு முகமையான டார்ப்பாதான். சுமையுடன் நடக்கும் சிப்பாய் களைப்பின்றிப் போரிட வேண்டும் என்பதே நோக்கம். பக்கவாதம் வந்தவரின் காலுக்கு அது உதவும் என்பது பின்னால் வந்த பயன். அந்தப் பயனே விளம்பரத்தில் முன்னால் நிறுத்தப்படுகிறது.

இந்த இடத்தில்தான் முதலாளித்துவ ஏடுகள் செய்யும் ஒரு கைவித்தையைக் கவனிக்க வேண்டும். சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கும் ஒருவரின் படத்தைக் காட்டுவார்கள். படிப்பவர் கண்ணில் நீர் துளிர்க்கும். அடுத்த பத்தியில் அதே கருவி கிடங்கிலும் கார் ஆலையிலும் உற்பத்தித் திறனை எவ்வாறு உயர்த்தும் என்று கணக்குச் சொல்வார்கள். இரண்டும் ஒன்றல்ல. முன்னவருக்கு இயற்கையோ விபத்தோ பறித்த அசைவை எந்திரம் திருப்பித் தருகிறது. பின்னவருக்கு அசைவு குன்றியே இல்லை. வேலையின் வேகமும் நேரமும் சேர்ந்து அவர் அசைவைத் தின்றுகொண்டிருக்கின்றன. அவருக்கு எந்திரம் கட்டுவது, தின்பதை நிறுத்தாமல் இன்னும் சிறிது காலம் தின்ன வழிசெய்வதாகும்.

2018 ஆகஸ்டில் ஃபோர்டு நிறுவனம், கைகளை உயர்த்தியபடி வேலை செய்யும் தொழிலாளருக்காக ஏழு நாடுகளில் உள்ள 15 ஆலைகளுக்கு 75 எக்ஸோ மேல்சட்டைகளைக் கொடுப்பதாக அறிவித்தது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை தலைக்கு மேலே கையைத் தூக்குவதாக அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. தொழிலாளர் தோளின் மீது இத்தனை கரிசனம் கொண்ட அதே நிறுவனம், மூன்றே ஆண்டுகளில், 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022இல் மறைமலைநகர் ஆலை வாயில் மூடப்பட்டது. தோள் நலமாகவே இருந்தது. வேலைதான் இல்லை.

சட்டையின் பொறியியலையும் சற்றுப் பார்க்கலாம். வில்சுருளால் இயங்கும் மேல்சட்டை எடையை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. தோளிலிருந்து எடுத்ததை இடுப்பிலும் தொடையிலும் இறக்குகிறது. தோள்தசையின் சிரமம் குறைகிறது என்பது பல ஆய்வுகளில் மெய்ப்பிக்கப்பட்டதே. பத்தாண்டுகள் அணிந்தவரின் இடுப்பும் முழங்காலும் என்னவாகும் என்பதற்குப் போதிய ஆய்வு இல்லை என்பதை அத்துறையினரே சொல்கிறார்கள். தொழிலிடப் பாதுகாப்பு அறிவியலில் ஒரு வரிசைமுறை உண்டு: முதலில் ஆபத்தையே நீக்கு, முடியாவிட்டால் மாற்று, பிறகு எந்திர அமைப்பால் தடு, பிறகு வேலைமுறையைத் திருத்து, எல்லாம் செய்த பிறகே தொழிலாளியின் உடலில் கவசத்தை மாட்டு. கன்வேயரை அரை அடி இறக்கினால் தீரும் வலிக்குத் தொழிலாளியின் முதுகில் சட்டகத்தைக் கட்டுவது இந்த வரிசையைத் தலைகீழாக்குவதாகும். கன்வேயரை இறக்க ஆலையை இரண்டு நாள் நிறுத்த வேண்டும். சட்டை மாட்ட இரண்டு நிமிடம் போதும்.

இந்தத் தலைகீழ் அறிவின் உச்சம் ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று உருவாக்கி, 2015இல் அவுடி கார் ஆலையில் சோதித்துப் பார்க்கப்பட்ட அந்தக் கருவிக்கு ‘நாற்காலியில்லா நாற்காலி’ என்று பெயர். இரு கால்களின் பின்புறமும் கட்டிக்கொள்ளும் சட்டகம் அது. முழங்காலை மடக்கினால் பூட்டிக்கொண்டு உடலைத் தாங்கும். நின்றுகொண்டே உட்காரலாம், உட்கார்ந்தபடியே அடுத்த வண்டிக்கு நகரலாம். இதைப் படிக்கும் எவருக்கும் கேரளத்தின் துணிக்கடைப் பெண்கள் நினைவுக்கு வர வேண்டும். நாள் முழுவதும் நிற்க வைக்கப்பட்ட அந்தப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடியதால் 2018இல் உட்காரும் உரிமை அங்கே சட்டமாயிற்று. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கை வழங்குவதைக் கட்டாயமாக்கியது. அவர்கள் கேட்டது நான்கு கால்களுள்ள ஒரு சாதாரண மர நாற்காலி. அதோடு, அதில் உட்கார ஐந்து நிமிடம். நாற்காலியின் விலை முதலாளிக்குப் பொருட்டல்ல. ஐந்து நிமிடம்தான் பொருட்டு. ஆகவேதான் நாற்காலி கேட்டால் காலில் கட்டிவிடும் யோசனை பிறக்கிறது: நாற்காலி உண்டு, நிமிடம் இல்லை.

மோட்டாரும் உணரியும் கொண்ட வகையில் இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. ஜெர்மனியின் ஜெர்மன் பயோனிக் நிறுவனம் கிடங்குத் தொழிலாளருக்கு விற்கும் முதுகுச் சட்டகம் இணையத்தோடு இணைந்தது. எத்தனை முறை குனிந்தார், எத்தனை கிலோ தூக்கினார் என்பவை தரவாகச் சேர்கின்றன. தவறாகக் குனிந்தால் எச்சரிப்பதற்காக என்கிறார்கள். இருக்கட்டும். அந்தக் கணக்கு எவர் மேசைக்குப் போகிறது? தூக்கும் வேகம் பிற்பகலில் குறைகிறது என்று ஒரு வரைபடம் காட்டினால், அதைப் பார்த்து மேலாளர் கிடங்கில் ஓய்வறை கட்டுவாரா, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவாரா? முன்பு மேற்பார்வையாளர் கங்காணியாக நின்று கண்ணால் பார்த்தார். இனி கங்காணி தொழிலாளியின் முதுகிலேயே ஏறிக்கொள்வார்.

இதையெல்லாம் எழுதுவதற்குத் திருப்பதி மாவட்டம் ஏன் பொருத்தமான இடம் என்றால், இங்கே இரண்டு வகை உடல்களும் ஒரே எல்லைக்குள் இருக்கின்றன. சத்தியவேடு, தடா பகுதியில் 2008 முதல் இயங்கும் ஸ்ரீசிட்டியில் கைபேசியும், குளிர்பதனக் கருவியும், மெட்ரோ ரயில் பெட்டியும், வாகனமும் உற்பத்தியாகின்றன. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கும், சத்தியவேடு ஆந்திரத்துக்கும் கைமாறின. எல்லைக் கல் நகர்ந்தது; மக்கள் நகரவில்லை. இன்று அந்த ஆலைகளின் வேலைநேரத்தில் தமிழ் பேசும் பெண்ணும் தெலுங்கு பேசும் பெண்ணும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். மொழி எதுவாயினும், நின்ற காலுக்கு மாலையில் வீக்கம் ஒன்றே.

புறச்சட்டகங்கள் ஸ்ரீசிட்டிக்குள் பரவிவிட்டன என்பதல்ல இங்குள்ள வாதம். அவை வருவதற்கான தரை இப்போதே சமப்படுத்தப்படுகிறது என்பதே வாதம். 2025 ஜூனில் ஆந்திர அமைச்சரவை தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்த முடிவெடுத்தது: நாளொன்றுக்கு 9 மணி என்ற வரம்பு 10 மணியாக உயர்கிறது; இடைவேளையின்றி வேலை வாங்கும் நேரம் 5 மணியிலிருந்து 6 மணியாகிறது; காலாண்டுக்கு மிகைநேர வரம்பு 75 மணியிலிருந்து 144 மணியாகிறது. வார வரம்பு 48 மணியாகவே இருக்கிறது என்பது அரசின் சமாதானம். மிகைநேரத்தை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கிவிட்டு வார வரம்பைப் பற்றிப் பேசுவது, பானையில் ஓட்டை போட்டுவிட்டு மூடி பத்திரமாக இருக்கிறது என்பதுபோல். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் 12 மணிநேர வேலைக்கு வழிவகுக்கும் மசோதா நிறைவேற்றப்பட்டதும், தொழிற்சங்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் எதிர்த்துநின்றதால் சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டு மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கலாம். ஒன்றிய அரசோ 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. மின்விசையால் இயங்கும் பட்டறையில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்ற வரையறை இனி 20 பேர். பாதுகாப்பு விதியே தீண்டாத பட்டறைகளின் எண்ணிக்கை ஒரே கையெழுத்தில் பெருகுகிறது.

பத்தாவது மணிநேரத்துக்கு எதிரான தொழிலாளியின் வலுவான சாட்சி அவரது உடல்தான்: கால் வலிக்கிறது, முதுகு வளைய மறுக்கிறது. அந்தச் சாட்சியின் வாயை மூடுவதற்கே புறச்சட்டகம் பயன்படப் போகிறது. “களைப்பைத்தான் கருவி எடுத்துக்கொண்டதே, பிறகு நேரத்தில் என்ன குறை?” என்ற கேள்வி பேச்சுவார்த்தை மேசைக்கு வரும் நாள் தொலைவில் இல்லை. வேலைநேரத்தைக் குறைக்க வல்ல மிகச் சிறந்த சாதனமான எந்திரம், மூலதனத்தின் கையில் அதை நீட்டிக்கும் சாதனமாகிவிடுவதன் இரகசியத்தை மார்க்ஸ் 1867இல் வெளியான ‘மூலதனம்’ முதல் தொகுதியின் எந்திரத் தொழில் பற்றிய இயலில் விளக்கியிருக்கிறார். அன்று எந்திரம் ஆலையின் தரையில் நின்றது. இன்று அது தொழிலாளியின் இடுப்பைச் சுற்றிக்கொள்கிறது. உறவு மாறவில்லை.

ஆனால் இதற்கு மறுமொழியாக, எந்திரம் என்றாலே எதிரி என்று சொல்லிவிடும் ஒரு போக்கு இடதுசாரி அணிகளுக்குள்ளும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. அது சோம்பலான நிலைப்பாடு, தவறானதும்கூட. சந்தைகளில் மாங்காயும் தக்காளியும் ஏற்றும் ஹமாலித் தொழிலாளியிடம் போய் ‘உழைப்பின் மாண்பு’ பற்றிப் பேசினால், தன் பிள்ளைக்கு அந்த மாண்பு வேண்டாம் என்றே அவர் சொல்வார். அவருக்கு வேண்டியது ஏற்றத்துக்கு உருளைப் பாதை, லாரி மட்டத்துக்கு உயர்த்திய மேடை, மூட்டைக்கு எடை வரம்பு, முதுமைக்கு நல வாரியம். ஒரு ஆள் தூக்கத்தக்க எடைக்கு 55 கிலோ என்ற மேல்வரம்பைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே பரிந்துரைத்தது. ஒரு காலத்தில் குவிண்டாலை ஒட்டியிருந்த தானிய மூட்டை இன்று 50 கிலோவாக இறங்கியிருப்பது, எந்த ரோபோவும் தராத நிம்மதியைச் சுமைதூக்குவோர் முதுகுக்குத் தந்தது. மகாராட்டிரத்தில் 1969லும் கேரளத்தில் 1978லும் சுமைத் தொழிலாளருக்குத் தனிச் சட்டம் வந்தது. ஆந்திரத்தின் ஹமாலிகள் நல வாரியம் கேட்டு இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். இவை அமைந்த பிறகு, சங்கத்தின் ஒப்புதலோடு, கூலியும் நேரமும் மாறாமல், ஒரு முதுகுச் சட்டகமும் வந்தால் வரட்டும்.

சுமைகளைப் பற்றிப் பேசும்போது சேஷாசலக் காட்டைக் கடந்துபோக முடியாது. 2015 ஏப்ரல் 7 அன்று அங்கே ஆந்திரச் சிறப்புப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் மாண்டனர். கூலிக்குச் செம்மரம் வெட்டித் தோளில் சுமந்து இறக்க அழைத்துவரப்பட்ட ஏழைகள் என்பதே அவர்களைப் பற்றிய சித்திரம். ஜவ்வாது மலைப் பழங்குடிகளும் அவர்களில் இருந்தனர். மரத்தை வாங்கியவன் எந்தக் காட்டிலும் சுடப்படவில்லை.

மறுபக்கம், திருப்பதி நகரத்திலேயே ‘பர்டு’ மருத்துவமனை இருக்கிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அறக்கட்டளை நடத்தும் இந்த எலும்பு, மறுவாழ்வு மருத்துவமனையில் போலியோ பாதித்த தலைமுறையினர் அறுவை சிகிச்சையும் காலிப்பரும் செயற்கைக் காலும் பெற்றிருக்கின்றனர். எல்லை தாண்டினால் வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து, பக்கவாதத்தால் செயலிழந்த கைக்குப் பயிற்சி தரும் ‘புளூட்டோ’ என்னும் சிறு ரோபோவை உருவாக்கியுள்ளன. அதே ஐஐடியின் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையம் 2019இல் எழுந்து நிற்க வைக்கும் சக்கர நாற்காலியையும், 2022இல் ‘கதம்’ என்னும் செயற்கை முழங்காலையும் வெளியிட்டது. திருவனந்தபுரத்தில் தொடங்கிய ஜென்ரோபோட்டிக்ஸ், மலக்குழிக்குள் மனிதன் இறங்காமல் தடுக்க ‘பேண்டிகூட்’ எந்திரத்தைச் செய்த அதே குழு, நடைப் பயிற்சி தரும் ‘ஜி-கெய்ட்டர்’ ரோபோவையும் செய்தது. கேரள அரசு அதைத் திருவனந்தபுரம் பொது மருத்துவமனையில் நிறுவியது. தனியார் மருத்துவமனையின் பளிங்குக் கூடத்தில் மட்டும் இருந்திருக்க வேண்டிய கருவி, அரசு மருத்துவமனையின் வரிசையில் நிற்பவருக்கும் கிடைக்கிறது. எந்திரம் ஒன்றே; நிறுத்திய இடம் வேறு.

நிறுத்தாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். கால் செயலிழந்தவர் அணியும் புறச்சட்டகம் ஒன்றுக்கு அந்நாட்டு அரசு மருத்துவக் காப்பீடு 2024 ஏப்ரலில் நிர்ணயித்த தொகை 91,032 டாலர். இந்தியாவில் 80 விழுக்காடு ஊனமுற்றவருக்கு ஒன்றிய அரசு தன் பங்காக மாதந்தோறும் தரும் ஓய்வூதியம் 300 ரூபாய். ஆண்டுகள் பல கடந்தும் அது அசையவில்லை. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது சக்கர நாற்காலிக்கும் காலிப்பருக்கும்கூட 5 விழுக்காடு வரி விதித்தவர்கள் இவர்கள். ஆந்திரத்தில் ஓய்வூதியம் 6,000 ரூபாய், முற்றிலும் படுக்கையில் இருப்போருக்கு 15,000 ரூபாய் என்று உயர்த்தியதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் 2025இல் ‘மறு சரிபார்ப்பு’ என்ற பெயரில், ஊனம் போதவில்லை என்று பெருந்தொகையானோருக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது. ஒரு கால் தேய்ந்தவர் தன் கால் இன்னும் வளரவில்லை என்று மருத்துவர் முன் மீண்டும் நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த வரிசையில் நின்றவருக்கு ரோபோ உடுப்பின் படத்தைக் காட்டுவது ஏளனமாகவே முடியும்.

மாற்றுத்திறனாளிகள் இயக்கங்களும் தொழிற்சங்கங்களும் ஒன்றாகக் கேட்க வேண்டியவை இந்த இடத்தில்தான் சந்திக்கின்றன. ஆலைக்குள் எந்த உடற்கருவியும் சங்கத்தோடு எழுத்துபூர்வ உடன்பாடு இல்லாமல் நுழையக் கூடாது. அணிய மறுப்பவர் தண்டிக்கப்படக் கூடாது. உடலின் தரவு மேலாளர் கணினிக்குப் போகக் கூடாது. கருவியைக் காரணம் காட்டி இலக்கோ நேரமோ உயரக் கூடாது. மருத்துவமனையில் இதற்கு நேர்மாறு: கருவி நுழைந்தே ஆக வேண்டும். பர்டிலும், மாவட்ட மருத்துவமனைகளிலும், அரசின் செலவில், பயிற்சி பெற்ற நிரந்தர இயன்முறை மருத்துவர்களோடு. 1972இல் கான்பூரில் பொதுத்துறையாகத் தொடங்கப்பட்ட அலிம்கோ இத்தகைய உடுப்புகளை நாட்டின் தேவைக்கேற்ற விலையில் தயாரிக்க ஏன் பணிக்கப்படவில்லை என்பது நாடாளுமன்றத்தில் கேட்கத்தக்க கேள்வி.

பழுது பார்க்கும் உரிமையும் அந்தக் கோரிக்கையோடு சேர வேண்டும். 2024இல் அமெரிக்காவில், இடுப்புக்குக் கீழ் செயலிழந்த ஒருவர் பத்தாண்டுகளாக நடக்கப் பயன்படுத்திய புறச்சட்டகம் நின்றுபோயிற்று. அதன் விலை ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர். கெட்டுப்போனது கைக்கடிகாரம் போன்ற கட்டுப்பாட்டுப் பகுதியின் மின்கல இணைப்பு மட்டுமே. கருவிக்கு ஐந்து வயது கடந்துவிட்டதால் பழுது பார்க்க இயலாது என்றது விற்ற நிறுவனம். செய்தி வெளியே வந்து ஊரே கேள்வி கேட்ட பிறகுதான் சரிசெய்யப்பட்டது. ஒரு சின்னக் கம்பி. அதுவரை அந்த மனிதர் நடக்கவில்லை. ஜெய்ப்பூர் கால் 1968 வாக்கில் உருவானபோது, மருத்துவர் சேத்தியோடு உழைத்த ராம்சந்திர சர்மா படிப்பறிவு குறைந்த ஒரு கைவினைஞர். ரப்பரும் மரமும் கொண்ட அந்தக் காலை எளிய பட்டறையிலேயே செய்யவும் சரிசெய்யவும் முடிந்தது. விருதுகள் மருத்துவரைத் தேடிவந்தன என்பது வேறு கதை. காலிப்பரின் தோல்வார் அறுந்தால் சித்தூர் கடைத்தெருவில் செருப்புத் தைக்கும் தொழிலாளி பத்து நிமிடத்தில் தைத்துத் தருவார். மக்கள் பணத்தில் ஐஐடியிலும் அரசு ஆய்வகங்களிலும் உருவாகும் துணி ரோபோவின் வரைபடமும் மென்பொருளும் காப்புரிமைப் பூட்டுக்குள் போகாமல், அந்தத் தெருவில் உள்ள மின்னணுப் பட்டறைக்காரர் திறந்து பார்த்துச் சரிசெய்யும் வகையில் பொதுவில் வைக்கப்பட வேண்டும். அதற்கான விதி, கொள்முதல் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும்.